உருளைக்கிழங்கு இல்லாத நிலவறை

கட்டடம் உடைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என்னைக் காணும்போதெல்லாம் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தச் சுவருக்கு எந்தச் சுத்தியல், எந்தக் கொக்கி எத்தனை தொன் தாங்கும் என்று. அதையெல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள், முடிவில் சான்றிதழும் தருகிறார்கள். எனக்கு யாரும் வகுப்பு வைக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் சட்டி கழுவினேன். பம்பாயில் ஒரு வருஷம் அலைந்தேன். கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்து, ஹம்பேர்க்கில் சமையலறை, பிறகு அப்பிள் தோட்டம், பிறகு விடியலில் பத்திரிகை போட்டது என்று எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. கட்டடம் உடைக்கும் வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது. முதுகு விட்டுப்போகும்வரை அதில் நின்றேன்.

ஆகவே மெஷினை விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஹனோவருக்கு வெளியே ஒரு பழைய தொழிற்சாலையை உடைத்தபோது நான் விட்ட இரண்டு பிழைகளை எழுதுகிறேன். ஒன்று தெரியாமல் விட்டது. மற்றது தெரிந்து விட்டது.

அந்தக் குழுவில் தமிழர் நான்கு பேர். எங்களுக்கு மேலே போலியர். வேலைத்தளத்தை நடத்தும் மேற்பார்வையாளரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் வயதுக்காரர், நியாயமான மனிதர், கோபம் வந்தாலும் கெட்ட வார்த்தை சொல்லமாட்டார். நால்வரில் எனக்குத்தான் ஜெர்மன் கொஞ்சம் ஓடும் என்று என்னைத் தமிழருக்குப் பொறுப்பாக வைத்தார்.

ஓடிய ஜெர்மன் சமையலறை ஜெர்மன். வெங்காயம், கத்தி, கொதிக்கிறது, கழுவு, கெதியாக. இவற்றில் நான் கெட்டிக்காரன். விளங்காத இடத்தில் "ஜா, ஜா", அதாவது ஓம், ஓம் என்று தலையாட்டிவிடுவேன். அகதி முகாமிலேயே பழகியது. விளங்கவில்லை என்றால் அவர்கள் முகம் மாறும். ஜா என்றால் விட்டுவிடுவார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினோம்.

தொழிற்சாலையின் முகப்பில், செங்கல்லிலேயே எழுத்து வைத்துக் கட்டியிருந்தார்கள்: பால்கான் தொழிற்சாலை. பண்ணையிலிருந்து பால் கொண்டுபோகும் பெரிய தகரக் கான் இருக்கிறதே, அது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த முதல் வருஷத்தில் எழுப்பிய கட்டடம். முதல் நாள் போலியர் மண்டபத்தின் தரையில் துளை போட்டுப் பார்த்தார். கொங்கிறீற் என் இடுப்பளவுக்கு இறங்கியது. மேலே பாரந்தூக்கிக்குப் போட்டிருந்த தண்டவாளம் கப்பல் துறைமுகத்தில் இருப்பது போல இருந்தது.

"பால்கான் செய்ய இவ்வளவோ?" என்றேன்.

"அந்தக் காலத்து மாடு கொஞ்சம் பெரிசு போலை," என்றார் போலியர். எல்லோரும் சிரித்தோம். ஜெர்மன்காரர் சொன்னதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அது அப்படித்தான் கிடக்கிறது.

சிரித்ததோடு விட்டுவிட்டோம். அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும்.

வேலைக் கொட்டிலில் கட்டடத்தின் பழைய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் எழுதியிருந்த சொற்களில் பெரும்பாலானவை எனக்குத் தெரியாதவை. பின்பக்கம், மண்டபத்தோடு ஒட்டி ஒரு சின்னச் சதுரம். அதற்குள் கார்ட்டோஃபெல்கெல்லர் என்று இருந்தது. உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறை. முழுத் தாளிலும் யாருடைய உதவியும் இல்லாமல் எனக்கு விளங்கிய சொல் அதுதான். கார்ட்டோஃபெல் எனக்குத் தெரியாதா? ஹம்பேர்க்கில் எத்தனை மூட்டை உரித்திருப்பேன்! அந்தச் சொல்லைக் கண்டதும் தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி இருந்தது.

வேலியருகே தினமும் பத்து மணிக்கு ஒரு கிழவி வந்து மத்தியானம்வரை நிற்பார். எழுபத்தெட்டு வயது. தெருவுக்கு அந்தப் பக்கம், பழைய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் இருந்தார். இளம்பெண்ணாக இருந்த காலத்தில் இங்கே வேலை செய்தவர். நான் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொண்டு கதைப்பார். பல்லில்லாத வாயால் வேகமாகச் சொல்வார். எனக்குப் பிடிபட்டவை கான், கார்ட்டோஃபெல், ஒருநாளும் இல்லை என்ற மூன்று சொற்கள்தான். பின்பக்கத்தைக் கைகாட்டிக் காட்டிச் சொன்னார். வயதானவர், சாப்பாட்டுக் கதை சொல்கிறார் என்று நினைத்தேன். "ஜா, ஜா" என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

போலியர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. நிலத்துக்குக் கீழே எந்த அறையிலும் பரிசோதகர் வந்து பார்க்குமுன் ஒருவரும் இறங்கக் கூடாது. அன்று செவ்வாய்க்கிழமை. போலியர் கொம்பனிக் கந்தோருக்குப் போய்விட்டார். போகும்போது, பன்னிரண்டு மணிக்குக் கனரக இயந்திரம் வரும், பின்பக்கம் தயாராக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பரிசோதகர் வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று. இயந்திரம் வந்து சும்மா நின்றால் பொறுப்பு எனக்கு. நிலவறை எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் நின்றவன் பெனடிக்ற். மன்னார்க்காரன், கத்தோலிக்கன், முப்பத்தொரு வயது. வேலைக்கு வந்து நாலு மாதம்தான்.

"அண்ணை, உள்ளை என்ன கிடக்கு?" என்று கேட்டான்.

"கிழங்கு வைக்கிற அறையடா. படத்திலை எழுதிக் கிடக்கு. இறங்கி எத்தினை படி எண்டு எண்ணிப்போட்டு வா," என்று படியைக் கைகாட்டினேன்.

"பரிசோதகர் வரேல்லையே?"

"கிழங்குக்கு என்ன பரிசோதனை?"

அவன் சிரித்தான். "கிழங்கு மிஞ்சிக் கிடந்தால் கொண்டு வாறன். ரெஜினா பிரட்டல் வைப்பாள். அறுபது வருசக் கிழங்கு, நல்லாய் முத்தியிருக்கும்."

படிகள் ஒன்பது. எண்ணிச் சொன்ன சத்தம் கேட்டது. பிறகு பலகை முறிந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அந்த அறையின் தரை தரையே இல்லை. பலகை அடுக்கி, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். கீழே கிணறு மாதிரி ஒரு வட்டக் குழி, மூன்று மாடி ஆழம். பீரங்கிக் குழாயைச் சிவக்கக் காய்ச்சி, நெட்டாகத் தூக்கி எண்ணெயில் இறக்கிப் பதப்படுத்தும் குழி. அதற்குத்தான் அந்தத் தண்டவாளம். அதற்குத்தான் அந்த இடுப்பளவுக் கொங்கிறீற். பால்கானுக்கு அப்படி ஒரு குழி எதற்கு? பெனடிக்ற் பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்தில் அகப்பட்டதால் உயிர் தப்பினான். இடுப்பும் இடது காலும் நொறுங்கிவிட்டன. தீயணைப்புப் படை வந்து எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் "அண்ணை, அண்ணை" என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இது தெரியாமல் விட்ட பிழை.

மூன்றாம் நாள் போலியர் என்னைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒழுங்காக நித்திரை கொள்ளாத முகம்.

"சிவம், அவனை நீ அனுப்பினியோ?"

எனக்கு அப்போது இருந்தது டுல்டுங். உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் விட்டுவைத்திருக்கிறோம் என்று எழுதிய கடதாசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டவேண்டும், நீட்டுவதற்கு வேலை வேண்டும். சட்டத்தை மீறி ஆளை இறக்கினேன் என்றால் வேலை போகும்.

"இல்லை," என்றேன். "தானாகத்தான் போனவன்."

போலியர் என்னை நேரே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பதில் அவருக்கும் தேவைப்பட்டது. பரிசோதகர் வருமுன்பே இயந்திரத்துக்கு நேரம் குறித்தவர் அவர். மேசையில் தாளை வைத்து எழுதினார். பெனடிக்ற் இடைவேளையில் தன் சொந்த நோக்கத்துக்காக இறங்கினார் என்று. சொந்த நோக்கம் என்பதற்கு அவர் போட்ட சொல் ப்ரிவாட். கதவுகளில் எழுதியிருக்குமே, அந்தச் சொல். அது எனக்குத் தெரியும். அதன் விலை தெரியாது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பமாட்டேன். வேலைக்காக இறங்கி விழுந்தால் விபத்துக் காப்புறுதி மருத்துவமும் ஓய்வூதியமும் தரும். சொந்த விஷயமாக இறங்கினால் ஒன்றும் தராது. முகாமில் இருந்த யாருக்கும் அது தெரியும். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கிழமை ஸ்டேஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில் ஒருவர் கேட்டார்: "இந்தப் பெடியன் ஏன் அதுக்குள்ளை இறங்கினவன்?" ப்ரிவாட் என்று சொன்னால் மேலும் கேட்பார். ஆகவே, "செம்பு கிம்பு கிடக்கோ எண்டு பாக்கப் போயிருப்பான்," என்றேன். பழைய கட்டடங்களில் செம்புக் கம்பி இருக்கும், அதை விற்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கறிவேப்பிலையும் கருவாடும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினைந்து நாளில் அவனுக்குப் பெயர் வந்துவிட்டது: செம்புப் பெனடிக்ற்.

வேலி அருகே கிழவி மறுபடி என்னைப் பிடித்தார். இம்முறை நான் நின்று கேட்டேன். மெதுவாகச் சொல்லச் சொன்னேன். விளங்காத இடத்தில், வெட்கத்தை விட்டு, விளங்கவில்லை என்றேன்.

"உனக்கு நான் சொன்னனான்தானே," என்றார். "அதுக்குள்ளை ஒருநாளும் கிழங்கு வைச்சதில்லை எண்டு. நீ ஜா, ஜா எண்டாய்."

பிறகு தன் கதையைச் சொன்னார். பதினேழு வயதில் வேலைக்கு எடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த வேலை, முன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த பன்னிரண்டு பால்கான்களைத் துடைப்பது. அவ்வளவுதான்.

"தினமும் பன்னிரண்டு கான். அதே பன்னிரண்டு. பதின்மூண்டாவது கானை நான் காணேல்லை."

"ஒருதரும் கேக்கேல்லையோ?"

"எங்கடை தெருவிலை ஆறு வருசம் ஆம்பிளையள் சும்மா இருந்தவை. பிறகு எல்லாருக்கும் வேலை வந்தது. எங்கடை அண்ணன் பின்பக்கம், அந்தக் குழியிலை. கான் ஓடர் பண்ணின கொம்பனிக்குத் தலைநகரத்திலை பேருக்கு ஒரு கதவும் ஒரு மேசையும்தான் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டம். சம்பளம் வந்தது, வாங்கச் சாமான் இல்லை. வெண்ணெய்க்கு வரிசை. கம்பளிச் சட்டை தண்ணியிலை போட்டால் கடதாசி மாதிரிக் கிழியும். இருந்த இரும்பு முழுக்க உள்ளை போச்சு. எங்களுக்குத் தெரியாதோ, ஒரு கானுக்கு இவ்வளவு இரும்பு வேணுமோ எண்டு? வேலை இருந்தது. அது போதும் எண்டு இருந்தம்."

ஒருநாள் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். முதலாளிமார் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். முன் அறையில் அவர் நின்று, இந்தப் பெண்ணைப் பார்த்து, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம்.

"நான் துணியைக் கையிலை வைச்சிருந்தன். பால்கான் எண்டு சொன்னன். அவர் எழுதிக்கொண்டு போனார். அதுக்குப் பிறகு என்னை ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லை. எங்கடை அண்ணன் தான் பதப்படுத்தின குழாயோடையே ரஷ்யாவுக்குப் போனான். திரும்பி வரேல்லை." பிறகு என்னைக் கேட்டார்: "அந்தப் பெடியனுக்கு நீ கைகாட்டினதை நான் இஞ்சை நிண்டு கண்டனான். அதை நீ அவையளுக்குச் சொல்லிட்டியோ?"

"ஜா, ஜா," என்றேன்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் கடிதம் சுற்றிச் சுற்றி வந்துசேரும். அரசாங்கத் தடையாம், பற்றரி விடுகிறார்கள் இல்லை, யூரியா விடுகிறார்கள் இல்லை, சீமெந்து விடுகிறார்கள் இல்லை, எல்லாம் சண்டைக்குப் போய்விடுமாம் என்று எழுதியிருப்பா. அங்கே ரோச்லைற் பற்றரியைக் கண்டாலே குண்டு என்றார்கள். இங்கே பீரங்கியைச் செய்துகொண்டு பால் என்று எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. பெனடிக்ற்றைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்குத் தைரியம் இருக்கவில்லை. ஒரே ஒரு முறை போனேன், அவன் மயக்கத்தில் இருந்த நாளாகப் பார்த்து.

எட்டு மாதம் போயிற்று. டுல்டுங்கை ஒருமுறை நீட்டிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை பெனடிக்ற்றின் மனைவி ரெஜினா என் அறைக் கதவைத் தட்டினாள். அவள் அப்போது இரண்டு இடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். கையில் காப்புறுதிக் கந்தோரின் கடிதம்.

"அண்ணை, உங்களுக்குத்தானே டொச் வாசிக்கத் தெரியும். இதிலை என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ."

வாசித்தேன். ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லவேண்டும். அதில் மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது. காரணம் என்ற இடத்தில் அந்த ஒற்றைச் சொல், ப்ரிவாட். அதற்குக் கீழே என் பெயர்.

"மறுத்திட்டினம்," என்றேன்.

"ஏன்?" என்று எட்டிப் பார்த்தாள். ஜெர்மன் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பெயர் தெரியும்தானே. "இதிலை உங்கடை பேர் கிடக்கே?"

"ஓம். சாட்சி எண்டு போட்டிருக்கு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இவர் அப்பவே சொன்னவர், அண்ணைதான் இறங்கச் சொன்னவர், அண்ணை அதைச் சொல்லுவார் எண்டு. நீங்கள் சொல்லியும் ஏனண்ணை மறுத்தவை?"

தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். கடிதத்தை, நான் பதில் எழுதுவேன் என்று நம்பி, மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் கிழவியின் கதவைத் தட்டினேன். என்னோடு கந்தோருக்கு வருவீர்களா, நான் கைகாட்டியதைக் கண்டதாகச் சொல்வீர்களா என்று கேட்டேன். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. மேலங்கியை எடுத்து மாட்டினார். "எனக்கும் அங்கை சொல்ல ஒண்டு கிடக்கு," என்றார்.

கந்தோரில் நான், அனுப்பியது நானே, முன்பு சொன்னது பொய் என்று சொன்னேன். அதிகாரி எழுதி முடித்துக் கிழவியைப் பார்த்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது கிழங்கு அறை இல்லை, பால்கான் தொழிற்சாலையும் இல்லை. எழுதுங்கோ," என்றார். அறுபது வருஷத்துக்கு முந்தியது இந்த விஷயத்துக்குத் தேவையில்லை என்றார் அதிகாரி. "தேவை. எழுதுங்கோ," என்று கிழவி மறுபடி சொன்னார். எழுதினார்கள்.

எனக்கு வேலை போயிற்று. டுல்டுங்கை மூன்று மாதமாகக் குறைத்தார்கள், ஆனால் அனுப்பவில்லை. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் இன்றுவரை குத்துகிறது. பெனடிக்ற்றுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் அந்த எட்டு மாதமும் அவனுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சிச் சிகிச்சை கிடைக்கவில்லை. முழங்கால் இறுகிவிட்டது. அது பிறகு மடங்கவே இல்லை.

சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். கதிரையில், காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தான். ரெஜினா உள்ளே போய்விட்டாள்.

"கந்தோரிலை சொல்லிட்டியள். சரி," என்றான். "செம்புக் கதையைத் தொடக்கினதும் நீங்களோ அண்ணை?"

"ஓம்."

நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தான். பிறகு சொன்னான்: "மாசக் கடைசி ஞாயிறு எங்கடை தமிழ்ப் பூசை. முடிய எல்லாரும் தேத்தண்ணி குடிக்க நிப்பினம். அங்கை வந்து சொல்லுங்கோ."

"நான் சைவக்காரன், பூசைக்கு எப்பிடி…"

"கோயிலுக்குள்ளை வரச் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு."

"ஓம், வாறன்," என்றேன்.

ஜா, ஜா என்று சொல்லிப் பழகிய அதே வாயால்தான் சொன்னேன். அந்த ஞாயிறு நான் ஹம்பேர்க் ரயிலில் இருந்தேன். அங்கே உடைப்பு வேலை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், போய்விட்டேன். நான் எப்போதும் அப்படித்தான் போவது.

இரண்டு பிழை என்று தொடங்கினேன். எண்ணிப் பார்த்தால், அந்த ஞாயிறு போகாததோடு மூன்று.

பழைய வரைபடத்தை நம்பாதீர்கள், தரையைத் தட்டிப் பாருங்கள், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள் என்றெல்லாம் எழுதத்தான் இதைத் தொடங்கினேன். அவை உங்கள் வகுப்பிலும் இருக்கும். வகுப்பில் இல்லாதது ஒன்று இருக்கிறது. ஹனோவரில் உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். ஒரு கால் மடங்காமல், தடியோடு பஸ்ஸில் ஏறுகிறவன். உங்கள் வீடுகளில் அவனை என்ன பெயரால் சொல்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கந்தோரில் தாளைத் திருத்தினார்கள். அந்தப் பெயரை யாரும் திருத்தவில்லை.

பெனடிக்ற் செம்பு எடுக்கப் போகவில்லை. படி எண்ணப் போனான். நான்தான் இறங்கச் சொன்னேன்.